ஆறு ஆண்டுகளாக வகுப்பில் பயன்படுத்தி வரும் இணையக் குடிமை வளங்கள்

நடுநிலை வகுப்புகளில் பாடம் எடுக்கும் நான், இணையத்தில் பொறுப்போடு நடந்துகொள்வதைக் கற்பிப்பதற்காக இலவசமாகக் கிடைக்கும் வளங்களை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். தொடக்கத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் தரவிறக்கிச் சேர்த்து வைத்தேன். இன்று ஆண்டுதோறும் தேடிப் போவது மூன்றை மட்டுமே.

முதலாவது, காமன் சென்ஸ் எஜுகேஷன் அமைப்பு ஹார்வர்டு கல்வியியல் பள்ளியின் புராஜெக்ட் ஜீரோ ஆய்வுக் குழுவுடன் இணைந்து உருவாக்கிய டிஜிட்டல் குடிமைப் பாடத்திட்டம். மழலையர் முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீளும் இதில் எனக்குப் பிடித்தது, 'செய்யாதே' என்ற பட்டியலுக்குப் பதிலாக இக்கட்டான சூழல்களை முன்வைக்கும் முறை. தோழி ஒருத்தி கேட்காமலேயே உங்கள் படத்தைப் பகிர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டால், பாடவேளை முடிந்த பிறகும் விவாதம் ஓயாது. ஆனால் பணித்தாள்களை அப்படியே அச்சிட்டுக் கொடுப்பதில்லை. எடுத்துக்காட்டுகளை என் மாணவர்களுக்கு ஏற்றபடி மாற்றி எழுத ஒரு பாடத்துக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குகிறேன்.

கூகுள் 2017இல் தொடங்கிய 'பி இன்டர்நெட் ஆசம்' திட்டத்தில், இணையப் பாதுகாப்பைக் கற்பிக்கும் 'இன்டர்லேண்ட்' விளையாட்டைச் சிறிய வகுப்புகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கிறேன். நான்கு நிலங்களையும் உற்சாகமாகக் கடந்தவர்கள் மறுவாரம் தங்கள் பெயருடன் 123 சேர்த்துக் கடவுச்சொல் வைப்பதையும் பார்த்திருக்கிறேன். அது விளையாட்டின் குறையன்று. பின்தொடர்ந்து பேச வேண்டியது ஆசிரியரின் வேலை.

எனக்கே பாடம் கற்பித்தது மூன்றாவதுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான 'சிவிக் ஆன்லைன் ரீசனிங்', ஒரு தகவலுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், சான்று என்ன, மற்ற மூலங்கள் என்ன சொல்கின்றன என்ற மூன்று கேள்விகளை மட்டுமே சுற்றிச் சுழல்கிறது. அங்குள்ள ஆய்வாளர்கள் 10 வரலாற்றாசிரியர்களையும், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்களையும், 25 மாணவர்களையும் இணையதளங்களை மதிப்பிடச் சொன்னபோது, வரலாற்றாசிரியர்கள் பலரும் மாணவர்களும் தளத்தின் தோற்றத்திலேயே ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ தளத்தை விட்டு உடனே வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து பிறர் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். இதையே 'பக்கவாட்டு வாசிப்பு' என்று வகுப்பில் பழக்குகிறேன்.

இதற்கு நான் எடுத்துக்கொள்வது, 1998 முதல் இணையத்தில் உலவும் 'பசிபிக் வடமேற்கு மர ஆக்டோபஸ்' என்ற கேலித் தளம். மரத்தில் வாழும், அழியும் நிலையில் உள்ள ஆக்டோபஸ் என்று அது விவரிக்கும் தொனியில் சிரிப்பின் சாயலே இருக்காது. சென்ற முறை ஒரு மாணவன் திரையைச் சுட்டிக்காட்டி, "லத்தீன் பேர்கூடப் போட்டிருக்காங்க டீச்சர், பொய்யா இருக்குமா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. புதிய தாவலைத் திறந்து அந்தப் பெயரைத் தேடச் சொன்னேன். பத்து நொடிக்குள் அவன் முகம் மாறிய விதத்தை எந்தச் சுவரொட்டியாலும் கொண்டுவந்திருக்க முடியாது. அதற்கு முந்தைய ஆண்டுகளில், எழுத்துப்பிழை இருக்கிறதா, தளம் நேர்த்தியாக இருக்கிறதா என்று சரிபார்க்கும் பட்டியலை நானே அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். அந்தப் பட்டியலில் இந்த ஆக்டோபஸ் முழு மதிப்பெண் வாங்கியிருக்கும்.

வளங்களைத் தேர்வதில் நானும் சறுக்கியிருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் ஒரு வினாடி வினாத் தளத்தில் 32 மாணவர்களின் முழுப் பெயர்களையும் நானே பதிவேற்றினேன். தனியுரிமைப் பாடம் நடந்த வாரம் அது. 13 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்ற அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, முதல் வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அப்போ எங்க பேரையெல்லாம் குடுக்கிறதுக்கு நீங்க யார்கிட்ட டீச்சர் கேட்டீங்க?" என்றாள். அந்தப் பெயர்களை நீக்கச் சொல்லி அத்தளத்துக்கு மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் மாணவர் கணக்கு கேட்கும் எந்த வளத்தையும் எடுப்பதில்லை. தவிர்க்க முடியாத இடத்தில் வரிசை எண்ணை மட்டும் கொடுக்கிறேன், அதையும் அவர்களிடம் சொல்லிவிட்டே கொடுக்கிறேன்.