பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பணம் கட்டும் முன்

மண்டபம் வட்டாரத்தில் சுகாதார ஆய்வாளராகப் பணிபுரிகிறேன். காய்ச்சல் கண்ட வீடுகளுக்குச் சென்று மலேரியாப் பரிசோதனைக்கு ரத்தத் தடவல் எடுப்பதும், கிணறுகளிலும் தொட்டிகளிலும் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பதும் என் அன்றாட வேலை. கடலுக்கு அப்பால் இருக்கும் இலங்கையை, மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் அறிவித்தது. நம் ஊர்க் கிணறுகளில் வளரும், மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு அதே ஆண்டின் இறுதியில் இலங்கையின் மன்னாரில் கண்டறியப்பட்டது. இரு கரைகளையும் சேர்த்து ஆராய்ந்து உலகளாவிய சுகாதாரத்தில் முனைவர் பட்டம் பெற வேண்டும் என்பது, பொது சுகாதாரத்தில் முதுகலை முடித்த நாளிலிருந்தே என் ஆசை.

அந்த ஆசையைத்தான் இராமநாதபுரத்தில் இயங்கிய கல்வி ஆலோசனை மையம் ஒன்று பயன்படுத்திக்கொண்டது. ஐரோப்பியப் பல்கலைக்கழகம், வார இறுதியில் இணைய வகுப்பு, பதினெட்டு மாதங்களில் பட்டம், நுழைவுத் தேர்வு கிடையாது, துறையிடம் தடையின்மைச் சான்று வாங்கவும் வேண்டாம் என்றார்கள். விடுப்புக் கிடைக்காத எனக்கு இது பெரிய ஆறுதலாகத் தோன்றியதால், மனைவியின் நகைகளை அடகு வைத்து மூன்று தவணைகளில் 2,40,000 ரூபாய் கட்டினேன்.

ஓராண்டு ஆகியும் ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் யாரென்று சொல்லவில்லை. நோயாளிகளின் விவரங்களைப் பயன்படுத்த ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமே என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பதிலே கிடைத்தது. பிறகு என் பெயரிட்ட ஆய்வேட்டின் இரண்டு இயல்களை அவர்களே எழுதி அனுப்பினார்கள். அதில் பாம்பனும் இல்லை, மன்னாரும் இல்லை. எந்த நாட்டுக்கும் பொருந்தும் பொதுவான பத்திகள் மட்டுமே இருந்தன. நான் எழுதாத ஒன்றின் மேல் என் பெயரைப் பார்த்தபோது, பணம் போனதை விட அதுவே அதிகமாக வலித்தது.

அதன் பின்னரே பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளைப் படித்தேன். பணியில் இருப்போர் பகுதிநேரமாக முனைவர் பட்டம் பயில அவை இடம் தருகின்றன. ஆனால் பாடநெறி உட்படக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆக வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் தரப்படும் என்றும், தேவைப்பட்டால் பாடநெறிக்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்றும் உறுதிகூறும் தடையின்மைச் சான்றை வேலை தருபவரிடம் பெற வேண்டும். தொலைநிலையிலோ இணைய வழியிலோ நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டம் நடத்தக் கூடாது. வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து தனியார் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் இணையவழி முனைவர் படிப்புகள் செல்லாது என்று மானியக் குழு 2022 அக்டோபரிலேயே எச்சரித்திருக்கிறது. எனக்குச் சலுகையாகக் காட்டப்பட்ட ஒவ்வொன்றும் இந்த விதிகளுக்கு நேர் எதிரானது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைப் பார்க்கச் சொன்னார்கள். மூன்றிலும் 'ஆலோசனைக் கட்டணம்' என்றே இருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் எதிலும் இல்லை. கட்டும் நாளில் அதை நான் வாசிக்கவே இல்லை. ஆகவே யாரேனும் இப்படிப் பணம் கேட்டால், அது யாருடைய கணக்குக்குப் போகிறது, ரசீதில் என்ன தலைப்பு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நெறியாளரின் பெயரைக் கேட்டு, அவருடைய பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக எழுதி உறுதிசெய்யுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஏமாந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதால், அதே மையத்தில் பணம் கட்டிய செவிலியர்களும் ஆசிரியர்களும் ரசீதுகளையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம்.