கோபன்ஹேகனிலிருந்து ஒரு நாள்: மால்மோவா, லுண்டா?

இரண்டும் ஸ்வீடனில், ஒரே ரயில் பாதையில்தான். டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும், 2000இல் திறந்த ஓரெசுண்ட் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். மேலே கார்கள், கீழ்த்தளத்தில் ரயில், பக்கத்தில் கடல். அதனால் ஜன்னல் சீட்டை விட்டுவிடாதீர்கள். மால்மோவுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது, லுண்ட் அங்கிருந்து இன்னும் கால் மணி நேரம்தான். எல்லையில் சோதனை இருக்கலாம், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

மால்மோவில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து கால்வாயைத் தாண்டினால் பெரிய சதுக்கம், அதை ஒட்டியே லில்லா டோர்க் என்ற குட்டிச் சதுக்கம். கொஞ்சம் நடந்தால் கோட்டை. ஃபலாஃபல் (கொண்டைக்கடலை வடை) மலிவு, வயிறும் நிறையும். 190 மீட்டர் உயரத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும் டர்னிங் டார்சோ கட்டடத்தைப் பார்க்கவென்றே சிலர் போகிறார்கள். உள்ளே குடியிருப்புகளும் அலுவலகங்களும்தான், சும்மா ஏறிப் பார்க்க முடியாது, கீழே நின்று கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் லுண்ட். ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் 12ஆம் நூற்றாண்டுப் பேராலயம். அங்குள்ள பழைய வானியல் கடிகாரம் குறிப்பிட்ட நேரத்தில் இசைக்கும்போது மூன்று ராஜாக்களின் பொம்மைகள் வரிசையாக வந்து மேரியையும் குழந்தை இயேசுவையும் வணங்கிப் போகின்றன, பெரியவர்களே வாய் பிளந்து நிற்பார்கள். நிலவறையில் தூணைக் கட்டிப்பிடித்திருக்கும் ஃபின் என்ற அரக்கனின் சிலையையும் பாருங்கள். அப்புறம் 1666இல் தொடங்கிய பல்கலைக்கழகம், கல் பாவிய சந்துகள், எங்கு திரும்பினாலும் மாணவர்களின் சைக்கிள்கள். இரவு வரை சுற்ற ஆசையென்றால் மட்டும் திரும்பும் வழியில் மால்மோவில் இறங்கிக்கொள்ளுங்கள்.