கரண்ட் பில்லில் பாதி கட்டித் தருவதாக லயத்துக்கு வருகிறவர்களிடம் ஏமாறாதீர்கள்

மார்கழி, தையில் இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ராகலைப் பக்கத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குளிர் இறங்க இறங்க கரண்ட் பில் ஏறும். இரண்டு மூன்று மாதம் நிலுவை விழுந்து, லைன் வெட்டப்போவதாக அறிவித்தலும் வந்த வீடாகப் பார்த்துத்தான் இவர்கள் நுழைகிறார்கள்.

கையில் ஃபைல், கழுத்தில் ஏதோ ஓர் அட்டை. "வெளிநாட்டு உதவி வந்திருக்குக்கா. நிலுவையில பாதிய நாங்க கட்டுறோம். மத்தப் பாதிய இன்னைக்கே தந்துருங்க, நாளைக்கு லிஸ்ட் மூடிருவாங்க." நிலுவை 12,000 ரூபா என்றால் 6,000 ரூபா ரொக்கமாகக் கைமாறுகிறது.

வாங்கிக்கொண்டு ஆள் மறைந்துவிட்டால் அன்றைக்கே பிடிபட்டிருப்பார். அவர் டவுனுக்குப் போய் அந்தக் கணக்கில் உண்மையாகவே 500 ரூபா கட்டுகிறார். ரசீதுத் துண்டில் கணக்கு இலக்கம் சரி, பெயரும் சரி. வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் தொகை மட்டும் விரலுக்கு அடியில் மறைந்திருக்கும், அல்லது மாற்றப்பட்டிருக்கும். பேரைப் பார்த்ததும் வீட்டார் நம்பிவிடுகிறார்கள். அடுத்த பில்லில் 11,500 ரூபா நிலுவை அப்படியே நிற்கும். பல இடங்களில் அதற்கு முன்பே லைன் வெட்டிவிடுகிறார்கள். திரும்ப இணைக்கவும் தனியாகக் காசு கட்ட வேண்டும்.

ஆகவே துண்டைப் பார்த்து நம்பாதீர்கள். மின்சார உதவி எண்ணான 1987க்கு அழைத்து, பில்லில் உள்ள 10 இலக்கக் கணக்கு எண்ணைச் சொல்லி, மிச்சம் எவ்வளவு என்று கேளுங்கள். அங்கே குறையாத நிலுவை எங்கேயும் குறையவில்லை.

"உதவிப் பதிவு" என்று அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் அஸ்வெசும (அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு) வரும் வங்கிப் புத்தகத்தையும் படம் எடுக்கிறார்கள். பிறகு போனுக்கு வந்த ஓடிபி எண்ணையும் கேட்கிறார்கள். இந்த மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால், போவது 6,000 ரூபாவோடு நிற்காது.

சிலர் போகிறபோக்கில் "சேவர்" என்று ஒரு பிளக் பெட்டியும் விற்கிறார்கள். உடைத்துப் பார்த்தால் ஒரு சின்னக் கெப்பாசிட்டர், ஒரு பச்சை விளக்கு. வீட்டு மீட்டர் உண்மையில் செலவான மின்சாரத்தை மட்டுமே எண்ணும். கேத்தலிலும் ஹீட்டர் ரொட்டிலும் அந்தக் கெப்பாசிட்டர் சரிசெய்ய ஒன்றுமே இல்லை. அந்தப் பச்சை விளக்கு எரிவதற்கும் நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள். மீட்டரை "மெதுவாக ஓட வைக்கிறேன்" என்று சீலில் கை வைக்கிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். பிடிபட்டால் கேஸ் கணக்குக்காரர் மேல்தான்.

பில் எங்கே ஏறுகிறது என்று கணக்குப் போட்டால் சேவர் வாங்கத் தோன்றாது. 2,000 வாட் ரூம் ஹீட்டர் தினம் 2 மணி நேரம் ஓடினால் 4 யூனிட், மாதம் 120. குளிக்க 20 லீற்றர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய 0.6 யூனிட்; நாலு பேர் தினம் குளித்தால் மாதம் 72. இதுவே 60ஐத் தாண்டிவிட்டது. வீட்டுக் கட்டணத்தில் 60 வரைக்கும் குறைந்த விலை. 61 ஆனால் முதல் யூனிட்டிலிருந்தே கூடிய விலை, நிலையான கட்டணமும் ஒரு படி ஏறும். 58 யூனிட் பில்லும் 63 யூனிட் பில்லும் வேறு வேறு வீட்டுப் பில் மாதிரி இருப்பது இதனால்தான். அந்த 60 என்பது 30 நாளுக்கு. மீட்டர் பார்க்கிறவர் 36ஆம் நாள் வந்தால் எல்லை 72 ஆக வேண்டும். பில்லில் இருக்கும் இரண்டு திகதிகளையும் எண்ணிப் பாருங்கள். ரூம் ஹீட்டர் போடாமல், மிலாறு (கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) கிடைக்கிற வீட்டில் குளிக்கிற தண்ணீரை அடுப்பில் வைத்தாலே பெரும்பாலும் 60க்குள் நிற்கலாம்.

நிலுவையைக் கட்ட முடியவில்லை என்றால், அறிவித்தலில் உள்ள திகதிக்கு முன்பே பில்லோடும் அடையாள அட்டையோடும் கரண்ட் ஒபிஸுக்குப் போய்த் தவணை கேளுங்கள். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுங்கள். பிரதியில் சீல் வாங்குங்கள். அன்றைக்கே கையில் இருப்பதைக் கணக்கில் கட்டிவிட்டுப் போனால் பேச்சு எடுபடும். அஸ்வெசும பற்றிய சந்தேகத்துக்கு 1924, அல்லது பிரதேச செயலகம். விண்ணப்பத்துக்குக் காசு கேட்டால் அது அஸ்வெசும அல்ல.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். ஓடிபி சொல்லியிருந்தால் முதலில் வங்கிக்கு, பிறகு பொலிசுக்கு. தனியாகப் போனால் 6,000 ரூபா சின்ன விஷயமாகத் தெரியும். லயத்தில் ஏமாந்த எட்டு வீடும் சேர்ந்து போனால் 48,000.

லைன் வெட்டப்பட்ட வீடுகளுக்கு இன்னும் ஒன்று. குளிருக்குக் கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். 10க்கு 12 அடி அறையில் காபன் மொனொக்சைட் சீக்கிரம் நிறையும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், கால் தள்ளாட்டம் தெரிந்தால் எல்லாரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.