மடக்கு சோலார் பேனல்: இரண்டு ஆண்டுக்குப் பிறகு

கடந்த வாரம் காரைக்குடியில் ஒரு செல்போன் கடையில் எங்கள் மடக்கு சோலார் பேனலின் யூஎஸ்பி போர்ட்டை மாற்றி வாங்கி வந்த அன்றே, தேவகோட்டையிலிருந்து சித்தப்பா மகன் அழைத்து, "அண்ணே, அது மாதிரி ஒண்ணு வாங்கலாமா?" என்று கேட்டான். வேறொரு நாளில் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும். 28 வாட், மூன்று மடிப்பு, இரண்டு போர்ட், உள்ளே பேட்டரி கிடையாது என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். இரண்டு ஆண்டுகளாக அதோடு நான் படும் பாடுதான் தெரியாது.

முதலில் அதைக் கானாடுகாத்தான் வீட்டின் வளவு முற்றத்தில், அப்பத்தா வற்றல் காயவைத்த அதே இடத்தில் விரித்தேன். வற்றலுக்குப் போதுமான வெயில் பேனலுக்குப் போதவில்லை. செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், தாழ்வாரத்தின் நிழல் ஒரு மூலையில் ஏறினாலே மொத்த மின்னோட்டமும் சரிந்துவிடுகிறது. ஒரு காக்கை எச்சமும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். ஆகவே மாடிக்குக் கொண்டுபோனேன்.

என் பொறுமையைச் சோதித்தது மாடியில் வந்த மேகம். மேகம் சூரியனை மறைக்கும்போது பேனலின் மின்னழுத்தம் தாழ்கிறது. போன் இதை வலுவில்லாத சார்ஜர் என்று முடிவுகட்டி, தான் இழுக்கும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. இதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேகம் விலகி, தளம் காலைச் சுடும் அளவுக்கு வெயில் திரும்பிய பிறகும், கேபிளைப் பிடுங்கி மீண்டும் செருகினால் ஒழிய, போன் பழைய வேகத்துக்கு வருவதில்லை. தானாகவே மீண்டும் தொடங்கும் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்ட ஒரு ஐப்பசி நாளில், மகளின் டேப்லெட்டுக்காக நான் பதினோரு முறை மாடிப்படி ஏறி இறங்கினேன். போர்ட் ஆட்டம் கண்டதற்கும் இப்படிப் பிடுங்கிச் செருகியதே காரணம் என்று நினைக்கிறேன். இடையில் ஒரு பவர் பேங்க்கை வைத்துப் பகலில் அதை நிரப்பி, பிறகு அதிலிருந்து டேப்லெட்டுக்கு ஏற்றினால் தொல்லை பெருமளவு குறைகிறது என்றாலும், இரண்டு முறை மாற்றுவதில் கொஞ்சம் மின்சாரம் வீணாகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் இது கொட்டும் என்று எதிர்பார்த்தேன். தை மாதத்துக் காலையில்தான் நன்றாகக் கொடுத்தது. 28 வாட் என்பது செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது அளந்த கணக்கு. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.4 சதவீதம் குறைகிறது. சித்திரை வெயிலில் மாடியில் கிடக்கும் பேனல் 60 டிகிரியைத் தாண்டுவது ஆச்சரியமில்லை. போனையும் பக்கத்திலேயே வெயிலில் வைத்தால், அது சூடேறிச் சார்ஜ் ஏறுவதையே நிறுத்திக்கொள்ளும்.

மனம் குளிர்ந்தது தைப்பூசப் பாதயாத்திரையில். குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நடக்கையில், பையின் முதுகுப்புறத்தில் பேனலைத் தொங்கவிட்டிருந்தேன். பாதை பெரும்பாலும் மேற்கு நோக்கிப் போவதால், தாழ்ந்திருக்கும் காலைச் சூரியன் நேராக நம் முதுகில் விழுகிறது. செங்குத்தாகத் தொங்கும் பேனலுக்கு அதைவிட வாகான கோணம் கிடையாது. மதியம் இளைப்பாற உட்காரும்போது பவர் பேங்க் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. மடத்தில் ஒரே ஒரு பிளக்கைச் சுற்றி இருபது பேர் நின்றிருக்க, உடன் வந்த ஆச்சிமார் இருவரின் போன்களுக்கும் நான்தான் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தேன். மாலையில் வெயில் முகத்துக்கு வந்துவிடுவதால், பேனல் வெறும் சுமைதான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுத் தம்பியிடம், "வாங்காதே, அந்தப் பணத்துக்குப் பெரிய பவர் பேங்க்காக ஒன்று வாங்கு" என்றேன். "அப்ப ஒங்களத குடுங்கண்ணே, தைப்பூசத்துக்கு நான் கொண்டுபோறேன்" என்றான். புது போர்ட்டை இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.