பதிவேட்டில் "குளோரின் 2", குளத்தில் பாசி: ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் (ஏஎம்சி) கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வீட்டோடு நீச்சல் குளம் வைத்திருப்பவர்களுக்கும், பண்ணை வீட்டுக் குளத்தை ஏஜென்சியிடம் ஒப்படைத்துவிட்டு மாதாமாதம் பணம் கட்டுபவர்களுக்கும் இந்த எச்சரிக்கை. அடுத்த முறை பராமரிப்பு ஆள் வரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "தண்ணீரில் சயனூரிக் அமிலம் எவ்வளவு?" வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் பொருள் இது; கடைக்காரர்கள் ஸ்டெபிலைசர் என்றோ கண்டிஷனர் என்றோ சொல்வது இதைத்தான். "அதெல்லாம் பார்க்கத் தேவையில்லை சார்" என்று பதில் வந்தால், எங்கள் குளத்துக்கு நடந்தது உங்கள் குளத்திலும் நடந்துகொண்டிருக்கலாம்.

குளம் ஏறத்தாழ 50,000 லிட்டர். ரசாயனச் செலவும் சேர்த்த ஆண்டு ஒப்பந்தம். பதிவேட்டில் எல்லா நாளும் ஒரே எண்கள்: பிஎச் 7.4, குளோரின் 2. கனமழை கொட்டிய நாளிலும் அதே 7.4, அதே 2. பத்துப் பேர் இறங்கிக் குளித்த மறுநாளும் அதே. இது ஒன்றே போதுமான அடையாளம். வெயிலும் மழையும் ஆட்களும் படும் தண்ணீர் அப்படி நிற்கவே நிற்காது. ஐப்பசி மழைக்குப் பின் சுவரில் வழுவழுப்பு, பிறகு பச்சை. கேட்டால் "டேங்கர் தண்ணி சரியில்ல சார்" என்றார்கள். ஆல்ஜிசைடு (பாசிக்கொல்லி) என்று ஒரு நீலத் திரவம், கலங்கலைத் தெளிவிக்கும் கிளாரிஃபையர், "ஷாக் ட்ரீட்மென்ட்" என்று ஒப்பந்தத்துக்கு வெளியே தனித்தனி பில் வந்தது. கடைசியில், குளத்தை முழுக்க வடித்து ஆசிட் வாஷ் செய்து ஃபில்டர் மணலையும் மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய கொட்டேஷன்.

அந்தக் கொட்டேஷனுக்கு ஒப்புக்கொள்ளாமல் தண்ணீரை முறையாக அளந்தபோது கிடைத்தவை: தனிக் குளோரின் 0.5 பிபிஎம் (லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்), கூட்டுக் குளோரின் 2, பிஎச் 7.0, காரத்தன்மை (பிஎச்சை ஆடாமல் தாங்கும் திறன்) 80, சயனூரிக் அமிலம் 180.

இந்த எண்களுக்குள்தான் முழு ஏமாற்றும் இருக்கிறது.

அவர்கள் பயன்படுத்தியது மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ என்ற சோதனைச் சொட்டு. அது காட்டுவது மொத்தக் குளோரினை. கிருமியைக் கொல்லும் தனிக் குளோரினும், வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து செயலிழந்துபோன கூட்டுக் குளோரினும் அந்த மஞ்சளில் ஒன்றாகவே தெரியும். அரையும் இரண்டும் சேர்ந்து இரண்டரை. பார்வைக்கு நல்ல மஞ்சள். மூக்கில் ஏறும் வாடையும் கண் எரிச்சலும் அந்தக் கூட்டுக் குளோரினால் வருபவை. "குளோரின் நிறைய இருக்கு, அதான் வாடை" என்று எந்த ஆள் சொன்னாலும் நம்பாதீர்கள். வேலை செய்யும் குளோரின் போதாமல் இருப்பதைத்தான் அந்த வாடை சொல்கிறது.

வாங்க வேண்டியது இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி கிட். அதிலும் சொட்டுக் கணக்கில் அளக்கும் வகை நல்லது: 10 மில்லி தண்ணீரில் டிபிடி பொடி போட்டால் சிவக்கும்; நிறம் முழுதாக மறையும்வரை சொட்டு விட்டு எண்ண வேண்டும்; ஒரு சொட்டுக்கு 0.5 பிபிஎம். அடுத்த குப்பியிலிருந்து சொட்டு விட்டு மறுபடி சிவந்தால், அதை மறைக்க ஆகும் சொட்டுகள் கூட்டுக் குளோரின் கணக்கு. நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் டிபிடி கிட்டில் ஒரு பொறி உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் சிவப்பு ஒரு கணம் தோன்றி வெளுத்துவிடும். அதைப் பூஜ்யம் என்று படித்துவிட்டு மேலும் மருந்து போடுபவர்கள் இருக்கிறார்கள். கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை நனைத்துப் பார்த்து "தண்ணி சூப்பர்" என்பதற்கு அர்த்தமே இல்லை. அந்த மீட்டருக்குக் குளோரின் இருப்பதும் இல்லாததும் தெரியாது.

மாதிரித் தண்ணீரை முழங்கை ஆழத்தில், தண்ணீர் உள்ளே வரும் துவாரத்திலிருந்து தள்ளி எடுக்க வேண்டும். மேல்மட்டத்தில் அள்ளினால் கணக்கு தப்பும். சொட்டு மருந்துக் குப்பிகளைப் பம்ப் அறைச் சூட்டில் வைத்தால் கெட்டுவிடும். வீட்டுக்குள் வையுங்கள், ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள்.

இனி அந்த 180. ஏஜென்சி போட்டது டிசிசிஏ 90, அதாவது 90 சதவீதக் குளோரின் தரும் டிரைகுளோர். வில்லையோ குருணையோ, அதில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் கட்டியிருக்கிறது. 10 பிபிஎம் குளோரின் ஏறினால் கூடவே சுமார் 6 பிபிஎம் சயனூரிக் ஏறும். குளோரின் வெயிலில் போய்விடும், சயனூரிக் போகாது. ஆவியாவதில் அது குறையாது. தண்ணீர் தெறித்து வெளியேறினாலோ, ஃபில்டரைத் திருப்பி அலசும் பேக்வாஷில் போனாலோ, வடித்தாலோதான் குறையும். 50,000 லிட்டருக்கு ஒரு நாளைக்கு 2 பிபிஎம் குளோரின் வேண்டுமென்றால் டிசிசிஏ சுமார் 111 கிராம். அதை மட்டுமே போட்டு வந்தால் மாதம் 37 பிபிஎம் வீதம் சேர்ந்து, ஐந்தே மாதத்தில் 180-ஐத் தொடும்.

சயனூரிக் கெட்ட பொருள் அல்ல. அது அறவே இல்லாத குளத்தில் நம் ஊர் வெயிலுக்குக் குளோரின் சில மணி நேரம்கூடத் தாங்காது. 30 முதல் 50 வரை வைத்துக்கொள்வது சரி. அளவு கூடக்கூட அது குளோரினை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. குளோரின் தண்ணீரில் இருந்தும் வேலை செய்வதில்லை. தனிக் குளோரின் சயனூரிக்கில் குறைந்தது 7.5 சதவீதம் இருந்தால்தான் பாசி அண்டாது. சயனூரிக் 40 என்றால் 3 போதும். 180 என்றால் 13.5 வேண்டும். பதிவேட்டில் எழுதிய 2 நிஜமாகவே இருந்திருந்தாலும் பாசி பிடித்தே இருக்கும். தண்ணீரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களே பாசிக்கு மருந்தும் விற்றார்கள் என்பதுதான் எங்கள் ஆத்திரம்.

ஏன் டிசிசிஏ மட்டும்? வாரம் இரண்டு முறை வந்து வில்லையைப் போட்டுவிட்டுப் போய்விடலாம். ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற திரவக் குளோரின்) என்றால் தினமும் ஊற்ற வேண்டும், கேன் சுமக்க வேண்டும். வசதி அவர்களுக்கு, சேதம் குளத்துக்கு. சேதம் என்பது பாசி மட்டுமல்ல. டிசிசிஏ நல்ல அமிலம், காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். காரத்தன்மை 80 என்று கிட் காட்டியது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணில் சயனூரிக்கின் பங்கும் கலந்திருக்கிறது. பிஎச் 7.5 அருகே சயனூரிக் அளவில் மூன்றில் ஒரு பங்கையும், 7.0 அருகே கால் பங்கையும் கழித்தால்தான் உண்மையான காரத்தன்மை வரும். 80-இல் 45 போனால் மிச்சம் 35. டைல்ஸ் இடுக்குச் சிமென்ட் விரலால் தேய்த்தாலே மணலாக உதிர்ந்ததற்குக் காரணம் அதுவே. "டைல்ஸ் போட்டவன் சரியில்ல" என்று பழி வேறு ஒருவர் மேல் போனது.

சயனூரிக்கை அளப்பது எளிது. தண்ணீரும் மருந்தும் சம அளவு கலந்தால் பால் போலக் கலங்கும்; அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குழாயில் ஊற்றிக்கொண்டே வந்து, புள்ளி மறையும் கோட்டைப் படிக்க வேண்டும். வெளியில், முதுகு வெயிலுக்குக் காட்டி நின்று பாருங்கள். குழாயின் அடியில் உள்ள முதல் கோடு 100 தான் என்பதால், தண்ணீர் அதை எட்டுமுன்பே புள்ளி மறைந்துவிட்டால் குளத்து நீரோடு அதே அளவு குழாய்த் தண்ணீர் கலந்து மறுபடி அளந்து, வருவதை இரண்டால் பெருக்குங்கள்.

அந்த நீல ஆல்ஜிசைடு மயில்துத்தக் கரைசல். ஒரு கிலோ மயில்துத்தத்தில் கால் கிலோ செம்பு. 50,000 லிட்டரில் அது 5 பிபிஎம். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் வேறு நீர் ஆதாரம் இல்லாதபோதுகூடச் செம்புக்கு உச்ச வரம்பு 1.5 தான். பாசி கொஞ்சம் அடங்கும். அதன் பிறகு படிக்கட்டிலும் சுவரிலும் சாம்பல், கறுப்புக் கறைகள் படியும். நரைத்த முடி பச்சை பாய்ந்தால் குளோரினைத் திட்டாதீர்கள், அது செம்பு. லேபிள் இல்லாத கேனில் எது வந்தாலும் குளத்தில் ஊற்ற விடாதீர்கள். கலங்கலுக்குப் படிகாரம் போடுவதும் இந்த வகைதான். தண்ணீர் தெளியும், ஆனால் ஏற்கெனவே குறைந்த காரத்தன்மை இன்னும் சரியும்.

கொட்டேஷனில் இருந்த மிக ஆபத்தான வரி, முழுக்க வடிப்பது. கடற்கரை ஓரத்தில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும்போது குளத்தைக் காலி செய்தால் அடியிலிருந்து வரும் அழுத்தம் தொட்டியையே தூக்கிவிடும், அல்லது தரை விரியும். பாதி வடித்து நிரப்பி, மறுபடி பாதி வடித்து நிரப்பினால் 180 என்பது 45 ஆகிறது. செம்பும் அதே விகிதத்தில் குறையும். நிலத்தடி நீர் மிக உயர்ந்திருந்தால் மூன்றில் ஒரு பங்காக மூன்று முறை செய்யுங்கள், 53 வரும். வேறு எந்தப் பொடியாலும் சயனூரிக்கைக் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். செம்பு கலந்த தண்ணீரை மீன் உள்ள குட்டையிலோ கிணற்றிலோ விடாதீர்கள்.

நிரப்பும் தண்ணீரையும் சோதியுங்கள். ஒரு வாளியில் எடுத்துச் சில சொட்டு ஹைப்போ விட்டதும் பழுப்பேறினால் அதில் இரும்பு இருக்கிறது. அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

நிரப்பிய பின் முதலில் காரத்தன்மை. 50,000 லிட்டரில் 10 பிபிஎம் உயர்த்த ஆப்ப சோடா 840 கிராம். மாறாக போர்வெல் தண்ணீரால் அதிகமாகிவிட்டால், 10 பிபிஎம் குறைக்க 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுமார் ஒரு லிட்டர், பம்ப் ஓடும்போது, பல தவணையாக. பிஎச்சை 7.2-க்குக் கொண்டுவந்துவிட்டு ஹைப்போவைத் தொடங்குங்கள். குளோரின் 10-ஐத் தாண்டினால் பிஎச் சொட்டு பொய் சொல்லும், அப்போது அளந்து பயனில்லை. பாசியை ஒழிக்கச் சயனூரிக்கில் 40 சதவீதம் குளோரின் வேண்டும்: 45-க்கு 18 பிபிஎம். 10 சதவீத ஹைப்போ 500 மில்லிக்கு 1 பிபிஎம் என்ற கணக்கில் 9 லிட்டர், பொழுது சாய்ந்த பின் ஊற்ற வேண்டும். சுவர், மூலை, படி, ஏணிக்குப் பின்புறம் எல்லாம் பிரஷ் போட வேண்டும். பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். மணல் ஃபில்டரின் அழுத்தம் சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ். குளோரின் இறங்க இறங்க மறுபடி 18-க்கு ஏற்றுங்கள்.

முடிந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. இருட்டிய பின் ஒரு அளவு, விடியுமுன் ஒரு அளவு. இரவில் வெயில் இல்லை. ஆகவே குறைந்த குளோரின் எல்லாம் பாசியும் அழுக்கும் தின்றது. குறைவு 1 பிபிஎம்முக்குள், கூட்டுக் குளோரின் 0.5-க்குள் என்றால் முடிந்தது. எங்கள் குளம் இந்த வழியில்தான் தெளிந்தது; ஃபில்டர் மணலை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

ஹைப்போவிலும் ஏமாற்று உண்டு. வெயிலில் கிடந்த கேனும், தண்ணீர் கலந்த கேனும் ஒன்றுபோலத்தான் மணக்கும். இரவில் பம்ப் ஓடும்போது ஒரு லிட்டர் ஊற்றுங்கள். 10 சதவீதச் சரக்கு என்றால், பாசியில்லாத 50,000 லிட்டர் குளத்தில் தண்ணீர் நன்றாகக் கலந்த பின் குளோரின் 2 ஏற வேண்டும். 1 தான் ஏறியது என்றால் பாதிச் சரக்குக்கு முழு விலை கொடுத்திருக்கிறீர்கள்.

ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை: டிபிடி முறையில் தனி, கூட்டுக் குளோரின் இரண்டும் பதிவாக வேண்டும், மாதம் ஒரு முறை சயனூரிக்கும் காரத்தன்மையும், சயனூரிக் 50-ஐத் தொட்டால் டிசிசிஏ நிறுத்தி ஹைப்போ, போட்ட ஒவ்வொரு பொருளின் பெயரும் கிராம் அளவும். மறுக்கும் ஏஜென்சியை விட்டுவிடுங்கள்.

இன்றைக்கே பம்ப் அறையைத் திறந்து பாருங்கள். எங்கள் அறையில் டிசிசிஏ டப்பாவும் கால்சியம் ஹைப்போகுளோரைட் டப்பாவும் ஒட்டி இருந்தன, இரண்டுக்கும் ஒரே பிளாஸ்டிக் மக். இவை இரண்டும் கலந்து ஈரம் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஹைப்போவும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு. ஒவ்வொன்றுக்கும் தனி மக், தனி இடம். ஆசிட்டைப் பம்ப் அறைக்கு வெளியே, நிழலில் வையுங்கள். மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும். பழைய மக்கைக் கழுவி வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்.