மானுக்கு எந்தக் குண்டு? போட்டிக் குண்டும் வேட்டைக் குண்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்க் குடியேறிய பிள்ளைகளில் சிலர் விக்டோரியா மலைகளில் மான் வேட்டைக்குப் பழகிவிட்டார்கள். தீபாவளிக்கு ஊர் வந்து ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. அவர்களில் பலர் அடித்துச் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: குறிசுடும் போட்டிக்கென்று செய்த குண்டுதான் மிகத் துல்லியமானது, ஆகவே மானுக்கும் அதுவே நல்லது. முதல் பாதி உண்மை. அந்த 'ஆகவே' மட்டும் எனக்குச் செரிக்கவில்லை.

இது நம் ஊருக்கான யோசனை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1948 ஜூன் 16 அன்று இதே வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்த நாடு இது. துப்பாக்கிச் சட்டம் இங்கே விளையாட்டல்ல. செம்பனைக் கன்றைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிக்காக உரிமம் பெற்றவர்கள் கையில் இருப்பதும் பெரும்பாலும் சிதறு ரவை சுடும் ஷாட்கன்தான். அதற்கு இந்த அலசல் பொருந்தாது. தீபகற்பத்தில் ரூசா, கீஜாங் மான் வேட்டையை 2009இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே கீழே வருவதெல்லாம் வெளிநாட்டில், உரிமத்தோடு, ரைஃபிள் பிடிப்பவர்களுக்கு. குண்டு என்று நான் சொல்வது தோட்டா முழுவதையும் அல்ல, குழலை விட்டுப் பறந்து போகும் அந்த உலோகத் துண்டை மட்டும்.

துல்லியத்தின் கணக்கை முதலில் முடித்துவிடலாம். நல்ல ரைஃபிளில் போட்டிக் குண்டு 100 மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வேட்டைக் குண்டு நான்கரை சென்டிமீட்டர் வரை பரவட்டும். 200 மீட்டரில் அது 3, 9 என்று இரட்டிப்பாகும். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதியோ ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலம். மோசமான குண்டுகூட அதன் பாதிக்குள் அடங்கிவிடுகிறது. மூச்சு வாங்க மலையேறி, மரத்தில் சாய்ந்து சுடுகிறவனின் கை நடுக்கம் இந்த வித்தியாசத்தைவிடப் பெரியது. காகித அட்டையில் பரிசு வாங்கித் தரும் அந்த 3 சென்டிமீட்டர் முன்னிலையை மானின் உடம்பில் செலவழிக்க இடமே இல்லை.

குண்டு தோலைத் தொட்ட பிறகு என்ன செய்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. வேட்டைக் குண்டு உள்ளே போனதும் விரிந்து, அகலமான காயம் உண்டாக்கி, மானைச் சீக்கிரம் சாய்க்க வேண்டும்.

சியராவின் மேட்ச்கிங் குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் போட்டிக்காரர்கள் நம்புவது. அதன் மூக்கில் ஒரு சிறு துளை இருக்கிறது. 'ஓட்டை முனை, ஆகவே விரியும்' என்று பலர் நினைப்பது அதைப் பார்த்துத்தான். அந்தத் துளை விரிவதற்காக வைத்தது அல்ல. செம்புக் கலவை உறையை அடியில் மூடியபடி அழுத்தி உருவாக்கி, முன்பக்கமாக ஈயத்தை இட்டு, மூக்கைக் குறுக்கி முடிக்கும்போது மிஞ்சும் வாய் அது. அடிப்பக்கம் சீராக இருப்பதால் குண்டு தள்ளாடாமல் பறக்கிறது. துல்லியத்தின் இரகசியம் அங்கே இருக்கிறது.

இதற்குப் பெரிய சாட்சியே உண்டு. கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் ஆயுதச்சாலையில் 1890களில் செய்த, முனையில் ஈயம் வெளியே தெரியும் மென்முனைக் குண்டுகளால் எழுந்த சர்ச்சைக்குப் பிறகு, 1899இல் ஹேக் பிரகடனம் உடம்புக்குள் விரியும் குண்டுகளைப் போரிலிருந்து விலக்கியது. அமெரிக்க இராணுவம் தன் குறிசுடுநர்களுக்கு 168 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) மேட்ச்கிங் கொடுக்க நினைத்தபோது இந்தக் கேள்வி வந்தது. 1990இல் அதன் சட்டப் பிரிவு அளித்த விளக்கம், இந்தத் துளை துல்லியத்துக்காக ஏற்பட்டது, விரிவதற்காக அல்ல என்பதுதான். போரில் அனுமதிக்கத் தக்கது என்று ஒரு குண்டைத் தேற்றிவிட்ட அதே காரணம், வேட்டையில் அதன் மீது சந்தேகத்தைக் கிளப்புகிறது. சியரா நிறுவனமே மேட்ச்கிங்கை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை.

உள்ளே போன மேட்ச்கிங் சில நேரம் ஊசி போலத் துளைத்து மறுபக்கம் வெளியேறிவிடும். மான் வெகுதூரம் ஓடும், இரத்தத் தடம் இருக்காது. சில நேரம் குண்டு உடம்புக்குள் குட்டிக்கரணம் அடிக்கும். சில நேரம் மூக்கு ஒடிந்து சிதறி, மானை நின்ற இடத்திலேயே சாய்க்கும். மூன்றாவதைக் கண்டவர்கள்தான் 'நான் அதனாலேயே பத்து மான் அடித்தேன்' என்று வாதாடுகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பதினோராவது எப்படி நடக்கும் என்று அவர்களாலும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

வேட்டைக் குண்டுகளின் வரலாறே இந்த நிச்சயமின்மையோடு நடந்த சண்டை. 1939இல் வந்த ரெமிங்டன் கோர்-லாக்ட் மென்முனைக் குண்டில் உறையின் நடுப்பகுதி தடித்திருக்கும். முனை காளானாக விரியும்போது ஈயம் உறையை விட்டு நழுவாமல் அது பிடித்துக்கொள்ளும். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் சுட்ட மூஸ் மான் விழவில்லை. குண்டு ஆழம் போகாமலே உடைந்துபோயிருந்தது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் பார்ட்டிஷன்: நடுவே உறையாலேயே ஒரு தடுப்புச் சுவர், முன்பாதி விரியும், பின்பாதி உருக்குலையாமல் உள்ளே போகும். பிறகு ஈயத்தையும் உறையையும் ஒட்டவைத்த அக்யூபாண்ட் போன்றவை வந்தன. ஈயமே இல்லாமல் முழுச் செம்பில் பார்ன்ஸ் குண்டுகள் வந்தன. அவை நான்கு இதழ்களாகப் பிரிந்து, எடையை ஏறக்குறைய இழக்காமல் ஊடுருவிப் போகும். இவற்றுக்கும் வரம்பு உண்டு. தொலைவில் வேகம் குறைந்தால் விரியாது. பல குண்டுகளுக்கு நொடிக்கு ஏறக்குறைய 550 மீட்டராவது வேண்டும். செம்பு இன்னும் பிடிவாதமானது. ஆனால் இந்த வரம்பைத் தயாரிப்பாளரே வெளியிடுகிறார், நாம் அதற்குள் நின்று சுடலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது, குழப்பமெல்லாம் அங்கேதான். பெர்கர் நிறுவனம் மெல்லிய உறை கொண்ட தன் நீள்மூக்குக் குண்டையே வேட்டைக்கு விற்கிறது. இரண்டு மூன்று அங்குலம் உள்ளே போய், அதன் பிறகு வெடித்துச் சிதறுவதே அதன் வழி என்று வெளிப்படையாகச் சொல்கிறது. விலா எலும்புகளுக்கு இடையே பக்கவாட்டில் போனால் நுரையீரல் கூழாகிவிடும், மான் எட்டுவைக்காது. வேடிக்கை என்னவென்றால், தொடர்ந்து சுடும் சூட்டைத் தாங்குவதற்காக அதன் போட்டி வகைக்குத் தடித்த உறை. பெயரையும் வடிவத்தையும் வைத்துக் குண்டை எடைபோட முடியாது என்பதற்கு இதுவே போதும். ஹார்னடியிலும் இப்படி இரண்டு: இஎல்டி மேட்ச், இஎல்டி எக்ஸ். வெளிப்பார்வைக்கு அண்ணன் தம்பி. எக்ஸில் உறை தடித்து, ஈயத்தைப் பிடிக்க உள்ளே ஒரு வளையமும் உண்டு. மேட்சில் அது கிடையாது. பெட்டியை மாற்றி எடுத்துவிட்டு 'ஹார்னடிதானே' என்பது எனக்குச் சமாதானமாகப் படவில்லை.

அமெரிக்கர்கள் 'மான் அளவு விலங்கு' என்று எழுதும்போது மனத்தில் வைத்திருப்பது வெள்ளைவால் மானை. பெரும்பாலும் 100 கிலோவுக்குக் கீழ். விக்டோரியாவில் நம் பிள்ளைகள் தேடிப் போவதோ சாம்பார் மான். 1860களில் அங்கே கொண்டுவந்து விடப்பட்டது. நம் காட்டு ரூசாவின் இனமேதான், தமிழில் கடமான் என்றும் மிளா என்றும் சொல்வோமே, அது. ஆண் 200 கிலோவைத் தாண்டும், தோள் எலும்பு கனமானது. அதனால்தான் அந்த மாநிலச் சட்டம் சாம்பாருக்குக் குறைந்தது .270 அங்குல விட்டமும் 130 கிரெய்ன் குண்டும் கேட்கிறது. அடர்ந்த புதருக்குள் 60 மீட்டரில் திடீரென்று எதிர்ப்படும் அந்த மான் பக்கவாட்டில் நின்று போஸ் கொடுக்காது. சரிந்து நிற்கும், தோளைக் காட்டும். அவ்வளவு அருகில் குண்டின் வேகமும் அதிகம். மெல்லிய உறைக் குண்டு தோள் எலும்பிலேயே உடைந்தால், மேலே பயங்கரமான காயமும் உள்ளே உயிரோடு ஒரு மிருகமும் மிஞ்சும்.

பிரிட்டனின் சட்டங்களிலும் இதே சிக்கலின் தடம் தெரிகிறது. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் மென்முனை அல்லது குழிமுனைக் குண்டு என்று மட்டும் கேட்கிறது. துளை இருப்பதால் மேட்ச்கிங் எழுத்தளவில் தேறிவிடக்கூடும். ஸ்காட்லாந்தின் 1985ஆம் ஆண்டு உத்தரவு, விரியும் வகையாகவும் முன்கூட்டிச் சொல்லத்தக்க விதத்தில் உருமாறுவதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. எனக்கு ஸ்காட்லாந்துக்காரர் எழுதியதே பிடிக்கிறது.

இறைச்சியையும் மறக்கக் கூடாது. சிதறும் குண்டு எதுவானாலும் ஈயத் தூளைக் காயத்தைச் சுற்றி வெகுதூரம் தெளிக்கும். கண்ணுக்குத் தெரியாத துகள் கறிக்குழம்பில் போய்ச் சேரும். குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் அது சின்ன விஷயமல்ல. கலிபோர்னியா 2019இல் வேட்டைக்கு ஈயக் குண்டையே விலக்கிவிட்டது. அந்த வகையில் செம்புக் குண்டு முன்னால் நிற்கிறது, விலையிலும்தான்.

என் தேர்வு இது. சாம்பாருக்கு ஒட்டவைத்த குண்டு அல்லது முழுச் செம்பு, வேறெதுவும் வேண்டாம். திறந்த புல்வெளியில் 200 மீட்டருக்கு அப்பால், பக்கவாட்டில் நிற்கும் சிறிய ஃபாலோ மானுக்குப் பெர்கரின் வேட்டைக் குண்டை ஒருவர் கொண்டுபோனால் தடுக்க மாட்டேன். சரிந்து நின்றால் சுடாமல் விட வேண்டும் என்ற நிபந்தனையோடு. மேட்ச்கிங் பயிற்சித் திடலிலேயே இருக்கட்டும். அதில் பழகிவிட்டு வேட்டைக்கு வேறு குண்டு எடுத்தால் குறி விழும் இடம் நகரும். புறப்படும் முன் எடுத்துச் செல்லும் அதே பெட்டியிலிருந்து நான்கைந்து சுட்டு, ரைஃபிளின் குறிபார்க்கும் தொலைநோக்கியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.