வீட்டில் செய்த கல் மெருகு பீப்பாய்: மூன்று ஆண்டு ஓட்டிப் பார்த்ததில்

பிவிசி குழாயில் ஒரு பீப்பாய், அதைத் தாங்கிச் சுற்ற இரண்டு உருளைகள், ஒரு சிறு மோட்டார். கூழாங்கல்லைக் கண்ணாடி போல மெருகேற்ற இவ்வளவுதான் தேவை. ஆங்கிலத்தில் இதை ராக் டம்ளர் என்பார்கள். நமக்கு டம்ளர் என்றால் காபி நினைவு வரும் என்பதால் இங்கே பீப்பாய் என்றே சொல்லிக்கொள்வோம். இதைச் செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மோட்டாரைத் தேடி அலைந்துவிட்டுப் பீப்பாயில் கோட்டை விடுகிறார்கள். மூன்று ஆண்டு ஓட்டத்தில் மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் ஒரே முறைதான் மாற்ற வேண்டியிருந்தது. பீப்பாய் மூடியும் உள்சுவரும் கேட்ட கவனிப்பை வேறு எதுவும் கேட்கவில்லை.

முதலில் வேகம். இது தவறினால் மற்றதெல்லாம் வீண். பீப்பாய் மிக வேகமாகச் சுற்றினால் கற்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், அரைபடாது. அந்த எல்லை வேகத்தைக் கணக்கிட, உள்விட்டத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தால் 42.3ஐ வகுக்க வேண்டும். 110 மி.மீ. குழாயில் உள்ளே ரப்பர் ஒட்டியபின் உள்விட்டம் சுமார் 98 மி.மீ. வரும். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 135 சுற்று. இதில் 40 முதல் 50 சதவீதம், அதாவது 55 முதல் 65 சுற்று சரியாக இருக்கும். 160 மி.மீ. குழாய் என்றால் 45 முதல் 55 போதும்.

இனி அந்த வேகத்தை எப்படிக் கொண்டுவருவது என்று பார்ப்போம். 1440 சுற்று இண்டக்‌ஷன் மோட்டாரில் ஒன்றரை இஞ்ச் புல்லி, உருளைத் தண்டில் 8 இஞ்ச் புல்லி. 1440ஐ 1.5ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் உருளை 270 சுற்று. உருளையின் வெளிவிட்டம் 25 மி.மீ., ரப்பர் பட்டையோடு பீப்பாய் 114 மி.மீ. ஆக பீப்பாய்க்குக் கிடைப்பது 59. வழுக்கலில் இரண்டு மூன்று சுற்று போகும். மேலே ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணிவிடுங்கள். கணக்கை மட்டும் நம்பி ஓட்ட வேண்டாம்.

மோட்டார் 150 வாட் போதும். தகட்டில் ‘எஸ்1’ என்று இருக்கிறதா பாருங்கள்; நிறுத்தாமல் ஓடுவதற்கான மோட்டார் என்று அதற்கு அர்த்தம். 30 நிமிடம் என்று போட்டிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். மிக்ஸி மோட்டாரும் தையல் மெஷின் மோட்டாரும் இதற்கு ஆகாது. கார்பன் பிரஷ் தேய்ந்துகொண்டே இருக்கும். கார் வைப்பர் மோட்டாரைச் சிலர் சொல்வார்கள். சோதித்துப் பார்க்க அது போதும், வாரக்கணக்கில் ஓட அதுவும் பிரஷ் மோட்டார்தான். பெல்ட் விஷயத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒன்றரை இஞ்ச் புல்லியில் ஏ செக்‌ஷன் பெல்ட்டைப் போட்டால் அவ்வளவு சிறிய வளைவுக்கு அது தாங்காமல் உள்பக்கம் வெடிக்கும். வாஷிங் மெஷினில் வரும் எம் செக்‌ஷன் பெல்ட் ஒல்லியானது, சின்னப் புல்லியில் நன்றாக வளையும். அதற்கேற்ற பள்ளத்தோடு புல்லியை லேத்தில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம்.

உருளைகளுக்கு 20 மி.மீ. பிரைட் ராடு. இரண்டு உருளைகளின் மையங்களுக்கு இடையே 75 மி.மீ. இருந்தால் பீப்பாய் நன்றாக அமர்ந்து சுற்றும். இங்கே பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: பேரிங்கைத் தாங்க கடையில் கிடைக்கும் யுசிபி204 பில்லோ பிளாக்கின் அடிப்பாகமே 127 மி.மீ. நீளம். இரண்டை அருகருகே வைத்தால் 75 மி.மீ. இடைவெளி வராது. ஒன்றை முன்னும் ஒன்றை பின்னும் தள்ளி வைக்கலாம். அதைவிட எளிது, 18 மி.மீ. பிளைவுட்டில் 42 மி.மீ. துளை போட்டு 6004 பேரிங்கை இறக்கிவிடுவது. ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகையாகக் கேட்டு வாங்குங்கள். திறந்த பேரிங்கில் கார்பைடு குழம்பு (கல்லை அரைக்கும் பொடி தண்ணீரில் கலந்தது) ஒரு சொட்டு விழுந்தாலும் சில நாளில் கரகரவென்று அரைக்கத் தொடங்கிவிடும்.

ராடின் மேல் முக்கால் இஞ்ச் ஹோஸ் பைப்பைச் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றினால் 25 மி.மீ. வெளிவிட்டம் கிடைக்கும். பிளாஸ்டிக் ஹோஸ் சில மாதங்களில் மேலே வழவழத்து வழுக்கும். ரப்பர் ஹோஸ் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அதன் சுவர் தடிமன். வெளிவிட்டம் 30 மி.மீ. ஆகிவிட்டால் பீப்பாயின் வேகம் 71க்கு ஏறிவிடும். ஹோஸ் மாற்றிய பிறகு கற்களில் புதிதாக அடிபட்ட தழும்புகள் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இப்போது பீப்பாய். 110 மி.மீ. குழாய், 25 செ.மீ. நீளம். ஒரு பக்கம் எண்ட் கேப்பை சொலுஷன் தடவி நிரந்தரமாக ஒட்டிவிடலாம். மறுபக்கம் திறந்து மூட வேண்டும். மரை மூடி போட்டால் முதல் மாதம் அழகாக இருக்கும். பிறகு மரைக்குள் கார்பைடு மணல் புகுந்து, திறக்கும்போதெல்லாம் மரையைத் தின்னும். ஒரு நாள் மூடி இறுகி அசையவே அசையாது. ரப்பர் வளையம் உள்ள, தள்ளிச் செருகும் மூடிதான் நீண்ட நாளைக்கு நல்லது. ஒவ்வொரு முறையும் வளையத்தையும் பள்ளத்தையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, லேசாக வாஸ்லைன் தடவி மூடுங்கள். அதில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. சில கற்கள் அரைபடும்போது வாயு விடும். மரை மூடியில் அது அடைபட்டு அழுத்தம் ஏறும், செருகு மூடி நழுவி அழுத்தத்தை விட்டுவிடும். தரை நாசமாகும், பீப்பாய் வெடிக்காது. புது வகைக் கல் போட்டால் முதல் மூன்று நாள் தினமும் ஒரு முறை திறந்து பாருங்கள். ‘புஸ்’ என்று சத்தம் வந்தால் அடுத்த சுற்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்துப் பாருங்கள்.

பீப்பாயின் உள்ளே லாரி டியூப் ரப்பரை ஒட்டுவது கட்டாயம். வெறும் பிவிசியில் கல் சுவரில் மோதி விளிம்புகள் சில்லாக உடையும், சுவரும் தேயும், சத்தமோ பக்கத்து வீடு வரை கேட்கும். ரப்பரை முழுச் சுற்றாக வெட்டி, இணைப்பில் இடைவெளியே இல்லாமல் ஒட்டுங்கள். இடைவெளி இருந்தால் மணல் அங்கேதான் ஒளிந்துகொள்ளும். வெளியே பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய இரண்டு வளையங்களை மாட்டிவிட்டால் பீப்பாய் உருளையில் வழுக்காது. ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறதா? உருளைகள் இணையாக இல்லை என்று பொருள். மட்டம் பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் ஓரத்தில் ஒரு நைலான் தடுப்பு வையுங்கள்.

எந்தக் கல் போடுவது? காவிரி, நொய்யல் படுகைகளில் கிடைக்கும் கூழாங்கற்களில் பல கனிமங்கள் கலந்த ‘நைஸ்’ (gneiss) என்ற பாறை வகைதான் அதிகம். அதில் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, ஃபெல்ட்ஸ்பார் 6, மைக்கா 3க்கும் கீழே. மென்மையான பகுதி முதலில் தேய்ந்து குழி விழும். எத்தனை வாரம் ஓட்டினாலும் மெருகு ஏறாது. வெங்கச்சங்கல் எனப்படும் வெள்ளைக் குவார்ட்ஸ், ஜாஸ்பர், அகேட், சூதுபவளம் இவைதான் ஏற்றவை. கத்தி முனையால் கீறிப் பாருங்கள். கீறல் விழுந்தால் அந்தக் கல்லை இந்தக் கூட்டத்தோடு போடாதீர்கள். சுண்ணாம்புக் கல்லும் குவார்ட்ஸும் ஒரே பீப்பாயில் போனால் சுண்ணாம்புக் கல் கரைந்து சேறாகிவிடும். விரிசலோ ஓட்டையோ உள்ள கல்லையும் தள்ளிவிடுங்கள். கல்லாக மாறிய மரங்கள் கிடக்கும் திருவக்கரைக் கல்மரப் பூங்கா பாதுகாக்கப்பட்ட இடம், அங்கிருந்து துண்டு எடுப்பது குற்றம். அழகாக மெருகேறும் என்று யார் சொன்னாலும் கை வைக்காதீர்கள்.

நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த குவார்ட்ஸ், சூதுபவள மணிகளைப் பார்த்தால் கை வேலையிலேயே எவ்வளவு மெருகு ஏற்ற முடியும் என்று தெரியும். குஜராத்தின் கம்பாத்தில் முன்பெல்லாம் தோல் பையில் மணிகளையும் பொடியையும் தண்ணீரையும் போட்டுக் கட்டி, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நாள்கணக்கில் உருட்டுவார்கள். நம் பீப்பாய் செய்வதும் அதே வேலைதான்.

அளவு கொஞ்சம் முக்கியம். பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலே, இந்த அளவுக்குச் சுமார் 2 கிலோ கல். ஒரே அளவுக் கல்லாகப் போட்டால் சரியாக உருளாது. பாதி 2 முதல் 3 செ.மீ., மீதி அதைவிடச் சிறியவை, இடுக்குகளை நிரப்பக் கொஞ்சம் கடலை அளவு குவார்ட்ஸ். சிலிக்கான் கார்பைடு பொடி, கடையில் கார்பரண்டம் பொடி என்றால் தெரியும், கிலோ கல்லுக்கு 80 முதல் 100 கிராம். தண்ணீர் மேல் வரிசைக் கல்லுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும்; அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். தண்ணீர் கூடினால் பொடி அடியில் தங்கிவிடும், கல்லோடு ஒட்டாது. பாதி பீப்பாய் மட்டும் நிரப்பினால் கல் உயரத்திலிருந்து விழுந்து அடிபடும்.

காதால் கேட்டே பாதி நோயைக் கண்டுபிடிக்கலாம். சரியாக ஓடும் பீப்பாய் ‘சரசர’ என்று ஒரே சீராக ஒலிக்கும், ஆற்று மணலை முறத்தில் புடைக்கிற மாதிரி. ‘டொக் டொக்’ என்று தனித்தனியாகக் கேட்டால் கல் குறைவு அல்லது வேகம் அதிகம். திறந்து பார்த்தால் கல்லின் மேல் நகக்கண் அளவில் பிறை வடிவத் தழும்புகள் இருக்கும். சத்தமே அமுங்கிப் போயிருந்தால் குழம்பு கெட்டியாகிவிட்டது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள்.

80ஆம் நம்பர் பொடியில் ஏழு நாள் (நம்பர் ஏற ஏறப் பொடி நுண்ணியதாகும்). அதற்குள் பொடி உடைந்து கூர் போய்விடும் என்பதால் அப்புறம் ஓட்டிப் பயனில்லை. கழுவி, கற்களைப் பார்த்து, புதுப் பொடி போட்டு இன்னும் ஏழு நாள். ஆற்றுக் கூழாங்கல்லுக்கு இரண்டு முறை போதும், உடைத்த கல்லுக்கு நான்கு முறைகூட ஆகும். எல்லோரும் அவசரப்பட்டு இங்கேதான் கெடுக்கிறார்கள். 80இல் போகாத பள்ளம் 220இல் போகாது, மெருகில் இன்னும் பளிச்சென்று தெரியும். அதன்பின் 220இல் ஒரு வாரம், 600இல் ஒரு வாரம். கடைசியாக 1 மைக்ரான் அலுமினா அல்லது கண்ணாடிக்காரர்கள் பயன்படுத்தும் சீரியம் ஆக்சைடு, கிலோ கல்லுக்கு 50 கிராம், ஏழு முதல் பத்து நாள். மெருகுக் கட்டத்தில் பிளாஸ்டிக் குருணை கொஞ்சம் சேர்த்தால் கல்லோடு கல் மோதாது. அது முதலில் மிதக்கும், குழம்பு கெட்டியானதும் கலந்துவிடும்.

ஈரத்தில் எல்லாக் கல்லும் பளபளக்கும். அதை நம்பி அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். துணியில் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டு, டியூப் லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். 600 முடிந்த கல்லில் விளக்கு ஒரு மங்கலான வெண் பட்டையாகத் தெரியும். மெருகு முடிந்ததில் அந்தப் பட்டையின் ஓரம் கத்தியால் வெட்டியது போலக் கூராக இருக்கும். ஓரம் கலங்கினால் மேலும் மூன்று நாள்.

மெருகுக்குத் தனிப் பீப்பாய் வைத்துக்கொள்ளுங்கள். 80ஆம் நம்பர் துகள் ஒன்றே ஒன்று தங்கினாலும் ஒரு வார மெருகு முழுவதையும் கீறிவிடும். கட்டத்துக்குக் கட்டம் கல்லைத் தனித்தனியாக பிரஷ் போட்டுக் கழுவி, துருவிய சோப்பும் தண்ணீரும் போட்டு ஒரு நாள் ஓட்டி மறுபடி கழுவுங்கள். நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் (போராக்ஸ்) கிடைத்தால் ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் கடைசிக் கழுவலுக்கு மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுங்கள், இல்லையென்றால் மெருகின் மேல் வெள்ளைப் புள்ளி காயும்.

சேற்றைச் சிங்க்கிலோ சாக்கடையிலோ ஊற்றவே கூடாது. குழாய்க்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். பக்கெட்டில் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்து, அடியில் நிற்பதை ஈரத்தோடேயே பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். காய்ந்த பொடியை விளக்குமாற்றால் பெருக்கினால் சிலிக்கா தூசு நுரையீரலில் இறங்கும். ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும்.

மின்சாரம்: 150 வாட் என்று வைத்தால் நாளுக்கு 3.6 யூனிட், ஐந்து வாரச் சுற்றுக்கு 126 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இலவசமாக வரும் யூனிட்டில் பெரும் பகுதியை இது ஒன்றே தின்றுவிடும்; கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய் வரும்போது வோல்டேஜ் குறைவாக இருந்தால் மோட்டார் கிளம்பாமல் ‘உம்ம்’ என்று நிற்கும். அப்படியே சில நிமிடம் விட்டால் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகும். சுமை மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் டிரிப் ஒன்றும், ஈரத்தோடு வேலை என்பதால் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் அவசியம். மோட்டாரைப் பீப்பாய்க்குக் கீழே வைக்காதீர்கள். மூடி கசிந்தால் நேரே அதன் மேல்தான் விழும். பெல்ட்டுக்குக் கம்பி வலைக் கூண்டு போடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சுற்றுகிற பீப்பாய்க்கு உள்ள ஈர்ப்பு சொல்லி மாளாது.

கெப்பாசிட்டரைத் தவிர மாற்றியவை: ஹோஸ் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை, உள் ரப்பர் வருடத்துக்கு ஒருமுறை, மூடியின் ரப்பர் வளையம் இரண்டு முறை, பேரிங் ஒரே ஒரு ஜோடி. குழாய் இன்னும் முதலில் போட்டதேதான். மறுபடி செய்வதாக இருந்தால் எல்லாம் இதே அளவில்தான். மூடியை மட்டும் முதல் நாளிலிருந்தே செருகு வகையாகப் போட வேண்டும்.